கடலுக்குக் கீழ்ப்பக்கம் ஏது?

விடிந்ததும் விடியாததுமாக முருகம்மாள் தொடங்கிவிட்டாள். மூத்த மருமகள் சோணையம்மாள் அடுப்பு மூட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்டது, மனசுக்குள் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

"வீட்ல கெடந்த மனுசன ஏலக்காய் மூட்டையோட நாகப்பட்டினத்துக்கு ஏத்திவிட்டவ நீதானடி! கழுத்துக்குச் சங்கிலி கேட்டுச்சோ ஒனக்கு? எம்புள்ளையப் புயலுக்குத் தின்னக் குடுத்துட்டு இன்னும் என்ன இங்கன? இன்னைக்கே ஒங்காத்தா வீட்டுக்கு நடையக் கட்டு!"

சோணையம்மாள் குனிந்து அடுப்பை ஊதினாள். புருஷன் சுருளியாண்டியைப் போகச் சொன்னது அவள்தான். ஏன் சொன்னாள் என்பது கொழுந்தன் ஒச்சாண்டிக்கு மட்டும் தெரியும். புயல் அடித்து ஓய்ந்ததிலிருந்து சுருளியாண்டியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அண்ணனைத் தேடிப் போன ஒச்சாண்டி, நேற்றுப் பொழுது சாயத்தான் அனுமந்தன்பட்டிக்கு வெறுங்கையோடு திரும்பியிருந்தான். வந்ததிலிருந்து சோறும் இல்லை, பேச்சும் இல்லை.

இப்போது முற்றத்தில் வந்து நின்றான்.

"அங்கன முக்காவாசி வீட்டுக்குக் கூரையில்ல மதினி. தோணியெல்லாம் தெருவுல கெடக்கு. நம்ம முல்லையாத்து வெள்ளத்துல ஆளு போனா, தண்ணி ஓடுற கீழ்ப்பக்கம் போயித் தேடுவோம்ல... அப்படித்தேன் நெனச்சுப் போனேன். கடலுக்குக் கீழ்ப்பக்கம் எங்கன இருக்குன்னு மீன்பிடிக்கிற ஒரு பெரியவர்ட்ட கேட்டேன். அவரு சிரிக்கல. எம்முதுகத் தடவிக் குடுத்தாரு... கடலுக்குக் கீழ்ப்பக்கமே கெடையாதாம் மதினி!"

ஒச்சாண்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"ஆத்தா, மதினிய வையாத! போக வேண்டிய மொற என்னுது. எம்பொண்டாட்டி நெறமாசமா இருந்தா... பக்கத்துல இருக்கணும்னு மதினி காலப் புடிச்சு அழுதேன். அவுகதேன் அண்ணன்ட்டச் சொல்லி அனுப்பிவச்சாக. வெளிய தெரிஞ்சா நீ என்னையக் கரிச்சுக் கொட்டுவன்னு, இம்புட்டு நாளா அவுக வாங்கிக் கட்டிக்கிட்டாக!"

முருகம்மாள் விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு மகன் மேல் பாய்ந்தாள். சோணையம்மாள் குறுக்கே போய் விழுந்தாள். அடி அவள் தோளில் இறங்கியது. வலிக்கவில்லை.

"பச்சப் பிள்ளைக்குத் தகப்பன் அத்த... அடிக்காதீக!"

கட்டை கை நழுவியது. முருகம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"பாவி நான்! ஒன்னைய என்ன பேச்சுப் பேசிப்புட்டேன்! போகாத... இந்த வீட்ட விட்டுப் போயிராத தாயி!"

அந்த மகராசிக்குக் கண்ணீர் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. கை மட்டும் மாமியாரின் நரைத்த தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"நான் எங்க போகப் போறேன் அத்த? அவுக வந்தா இங்கனதான வருவாக."