சேவல் செவிடாகும் நேரம்

எச்சத்தில் மயிர் இருந்தது.

நேவா அதை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கியபோதுதான் தெரிந்தது. காட்டுச் சேவலின் குளிர்கால எச்சம் விரல் நீளத்தில், காய்ந்து, மரத்தூளை உருட்டி வைத்ததுபோல இருக்கும். பனிக்காலம் முழுக்க ஊசியிலையைத் தவிர வேறெதையும் தின்னாத பறவை, உடைத்தால் பிசின் வாசனைதான் வரும். நாலு வருஷத்துக்கு முன்புவரை ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தடியில் மண்டியிட்டு அவள் அதை உடைத்து முகர்ந்திருக்கிறாள். இது உடையவில்லை. பிதுங்கியது. உள்ளே இளஞ்சூடாக, கூழாக, நரைத்த மயிர் சுருண்டு கிடந்தது; விரல்களைப் பிரித்தபோது நூல் நூலாக இழுபட்டது. ஊசிப்போன கொழுப்பும் நனைந்த கம்பளியும் சேர்ந்த நாற்றம். பனியை அள்ளித் தேய்த்தாள். போகவில்லை. பேன்ட்டில் துடைத்தாள். பேன்ட்டும் நாறியது.

குடிலுக்குத் திரும்பியபோது தம்பி சில்வோ அடுப்பில் பன்றிக்கொழுப்பை வறுத்துக்கொண்டிருந்தான்.

"கையைக் கழுவிட்டு வாக்கா. என்ன நாத்தம் இது? பொணத்தை நோண்டினியா?"

"சேவல் எச்சம். இன்னும் காயல."

"உன் சேவல் செத்து நாலு வருஷமாச்சு. ஆவியா வந்து பேண்டுட்டுப் போகுதா?"

"அதுல மயிர் இருந்துச்சுடா."

"அப்ப மரநாய். மரநாய் பீயைக் கையில எடுத்துப் பாக்கறவ ஸ்லோவேனியாவுலயே நீ ஒருத்திதான்." அவன் சிரித்தான். கொழுப்பு வாயோரத்தில் வழிந்து தாடையில் மின்னியது.

மரநாயினுடையதில்லை என்று அவளுக்குத் தெரியும். உருவம் சேவலுடையதுதான். ஆனால் அதைப் பேசி எந்தப் பயனும் இல்லை. அப்பா விட்டுப்போன இந்த மலைச்சரிவு இருவர் பேரிலும் இருந்தது. பட்டை வண்டு அரித்த நாலைந்து மரங்களை விற்கப் போன சில்வோ, மொத்தச் சரிவையும் பேசி முடித்துவிட்டு வந்திருந்தான். மரம் வெட்டும் மிஷின் நாளை மறுநாள் மேலே ஏறுகிறது. மூன்று வாரம் சண்டை போட்டு அவள் அவனிடமிருந்து வாங்கியது ஒரே ஒரு வாக்குதான்.

"ஒரு படம்," என்றான் இப்போதும், தட்டில் மாவுக் களியைப் போட்டு அதன் மேல் கொழுப்பை ஊற்றியபடி. "அந்த மரத்துல சேவல் உக்காந்திருக்கற மாதிரி ஒரு படம் காட்டு. மிஷினைத் திருப்பி அனுப்பிடறேன். அம்மா மேல சத்தியம். பழைய படத்தை எடுத்து நீட்டாத, தேதி பாப்பேன்."

"நீயும் வா. கண்ணால பாரு."

"விடியறதுக்கு முன்னாடி பனியில உக்காந்து ஒரு கோழிக்காகக் குளிர்ல சாகணுமா? நீ போய் உன் மாப்பிள்ளையப் பாத்துட்டு வா. எனக்குத் தூக்கம்."

அவளால் சாப்பிட முடியவில்லை. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அந்த நாற்றம் கையிலிருந்து எழுந்தது. சாம்பல் போட்டுக் கழுவினாள். பிளம் சாராயத்தை ஊற்றித் தேய்த்தாள். சாராயம் போய்விட்டது, நாற்றம் இருந்தது.

இருட்டிலேயே கிளம்பினாள். அடுப்பை ஒட்டிய சூடான படுக்கை மேடையில் சில்வோ நீள உள்ளாடையோடு சுருண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கதவை மெல்லச் சாத்தினாள்.

வெளியே காற்று அசையவில்லை. மரநிழல்களில் மட்டும் மிச்சமிருந்த பழைய பனி ராத்திரியில் உறைந்து ஓடுகட்டியிருந்தது, ஒவ்வொரு மிதிக்கும் தட்டு உடைவதுபோல நொறுங்கியது. கீழே ஓடையில் உருகிய நீர் கற்களை உருட்டிக்கொண்டு இரைந்தது, அழுகிய இலையும் புதுப் பாசியும் சேர்ந்த வசந்தத்தின் குளிர்ந்த வாசனை மண்ணிலிருந்து எழுந்தது, அவள் அதை வாய் நிறைய இழுத்துத் தன் கையின் நாற்றத்தை மறக்கப் பார்த்தாள். சரிவின் முடிவில், ஸ்புரூஸுக்குப் பின்னால், பாறைச்சுவர் ஆகாயத்தைவிடக் கறுப்பாக நின்றது.

அப்போது கேட்டது. டக். டக்.

நேவாவுக்கு அழுகை வந்தது. நாலு வருஷம்.

சேவலின் பாட்டு எப்போதும் ஒரே மாதிரிதான். காய்ந்த கட்டையில் நகத்தால் தட்டுவதுபோலத் தொடங்கும். தட்டல் வேகம் பிடிக்கும். புட்டியின் தக்கையைப் பிடுங்குவதுபோல ஒரு பொக். அதன்பின் அரிவாளைச் சாணை பிடிக்கும் கரகரப்பு. அந்தக் கரகரப்பு நீடிக்கிற சில நொடிகளில் சேவலுக்குக் காது கேட்காது. இந்த மலையில் துப்பாக்கியோடு போனவர்களும் காமிராவோடு போகிறவர்களும் கிட்டே போவது அப்படித்தான். சாணைச் சத்தத்தில் மூன்று அடி வைக்கலாம். தட்டல் மறுபடி தொடங்குவதற்குள் கல்லாகிவிட வேண்டும். கால் அந்தரத்தில் இருந்தால் அந்தரத்திலேயே இருக்க வேண்டும்.

தட்டல். பொக். கரகரப்பு. மூன்று அடி வைத்து நின்றாள்.

மறுபடி மூன்று அடி.

நன்றாகப் போனது. தேவைக்கு மேல் நன்றாகப் போனது. பனியோட்டின் மேல் இத்தனை பாரமான பூட்ஸோடு நடந்தும் நொறுங்கும் சத்தமே இல்லை. இங்கே பனி சரியாக உறையாமல் மிருதுவாக இருக்கும் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். ஓடு கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து கிடந்தது.

அடுத்த கரகரப்பில் வேண்டுமென்றே ஒரு காய்ந்த கிளையின் மேல் மிதித்தாள். பாதத்துக்கு அடியில் அது முறிந்தது எலும்புவரை தெரிந்தது. சத்தம் வரவில்லை. ஓடைச் சத்தமும் அறுந்துபோயிருந்தது. அவளுடைய மூச்சும் இல்லை. உலகத்தில் சாணைச் சத்தம் மட்டும். அது நின்ற கணத்தில் ஓடை திரும்ப வந்தது.

செவிடாவது சேவலில்லை.

அவள் கல்லாக நின்றாள். தட்டல் தொடங்கியது. பயத்தில் காது அடைத்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஐம்பது வயதாகிறது, ராத்திரி சாப்பிடவில்லை, குளிர். காமிராவை நெஞ்சோடு அணைத்தாள். படம். ஒரே படம். இன்னும் கொஞ்ச தூரம்.

பொக். கரகரப்பு. இந்தமுறை அவள் கால் எடுக்கவில்லை. சத்தமற்ற அந்தச் சில நொடிகளை அப்படியே நின்று கடந்தாள். ஓடை திரும்பியபோது அந்த நாற்றமும் வந்தது.

கையிலிருந்து இல்லை. கையை முகத்தருகே கொண்டுபோனாள். அங்கே மெலிதாகத்தான் இருந்தது. இது பின்னாலிருந்து வந்தது. ஊசிப்போன கொழுப்பு. நனைந்த கம்பளி. அதற்கடியில் புதிதாக ஒன்று, வாய்க்குள் நாள்கணக்கில் அடைத்துவைத்த இறைச்சியின் இனிப்பு. தட்டல் முழுக்க அது அதே அளவில் நின்றது. அடுத்த கரகரப்பு முடிந்ததும் ஒரு படி கெட்டியாக இருந்தது. அதற்கடுத்ததும். யாரோ அவள் காது கேட்காத நேரம் பார்த்து அடி வைத்துக்கொண்டிருந்தார்கள். புளித்த நீர் தொண்டைக்கு வந்தது. துப்பினால் சத்தம் கேட்கும். விழுங்கினாள்.

கிழக்கே ஆகாயம் சாம்பல் நிறமாகத் தொடங்கியிருந்தது. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய பூட்ஸ் தடத்தின் மேலேயே சில்வோ நின்றிருந்தான்.

சனியன் பிடித்தவன். வந்துவிட்டான். ஒரு காலைத் தூக்கியபடி, சின்ன வயதில் அவள் சொல்லிக்கொடுத்ததுபோலவே அந்தரத்தில் வைத்து நின்றிருந்தான். சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. உள்ளங்கையைக் காட்டினாள்: அங்கேயே நில்.

அவன் தலையாட்டவில்லை. நீள உள்ளாடை மட்டும்தான் போட்டிருந்தான். தூக்கிய காலில் செருப்பில்லை. பாதம் நீலமாக இருந்தது.

"சில்வோ?" என்றாள் உதட்டால் மட்டும்.

டக். டக்.

சத்தம் மரத்திலிருந்து வரவில்லை.

அவளுக்குப் பின்னாலிருந்து வந்ததைத்தான் பாறைச்சுவர் திருப்பித் தந்திருந்தது, இவ்வளவு நேரமும். இப்போது அவள் திரும்பி நின்றதால் முதல் சத்தம் முகத்தில் பட்டது, சுவரின் பதில் முதுகில் பட்டது. சில்வோவின் உதடுகள் அசையவில்லை. தாடையில் ராத்திரிக் கொழுப்பு இன்னும் மின்னியது. அதற்குக் கீழே, கழுத்தில், தோல் பைபோல உப்பி, உள்ளே ஏதோ ஒன்று நெருக்கி நெருக்கி இடித்துக்கொண்டிருந்தது. டக். டக். டக்டக்.

பொக்.

ஓடை அறுந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. சில்வோ நடந்தான்.

மூன்று அடி. முழங்கால்கள் பின்பக்கமாக மடிந்தன.

ஓடை திரும்பியது. அவன் நின்றான். ஒரு கால் அந்தரத்தில். முகம் தம்பியுடையதுதான். பொருந்தவில்லை. தளர்ந்த காலுறைபோல எலும்பை விட்டு இறங்கியிருந்தது. இடது கண்ணின் ஓட்டையில் கண் சரியான இடத்தில் இல்லை.

ஓட முடியவில்லை. ஓடினால் என்ன, காது கேட்காத நேரத்தில் அது எங்கே இருக்கும் என்று தெரியாது. அவள் பின்னோக்கி நகர்ந்தாள். தோள் ஸ்புரூஸின் கிளையில் இடித்தது. ஏதோ மேலே அசைந்தது.

மரத்தின் பக்கம் திரும்பி நிமிர்ந்தாள்.

சேவல் அங்கே இருந்தது. உயிரோடு. வான்கோழி அளவு, கறுப்பு, கண்ணுக்கு மேல் சிவப்புக் கீற்று. தண்டோடு தண்டாக ஒட்டி, இறகுகளை இறுக்கி, அலகைத் திறந்து சத்தமில்லாமல் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அது பாடவேயில்லை. நாலு வருஷமாகப் பாடியிருக்காது. அது அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தது.

கை தானாகக் காமிராவைத் தூக்கியது. வேறென்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை. வியூஃபைண்டரில் சேவல், மரம், விடியும் ஆகாயம். அழுத்தினாள். விரலில் அதிர்வு தெரிந்தது. ஷட்டர் சத்தம் கேட்கவில்லை.

எப்போது பொக் கேட்டது?

நாற்றம் இப்போது காற்றில் இல்லை. நாக்கின் மேல் இருந்தது. கழுத்தில் சூடான ஈரம் சொட்டியது, காலருக்குள் வழிந்தது.

நேவா திரும்பினாள். அவ்வளவு பக்கத்தில் முகம் முழுதாகத் தெரியவில்லை. தாடை, தொங்கும் உதடு, கொழுப்பு. அவள் இரண்டு கைகளாலும் காமிராவை உயர்த்தி, ஒளிரும் திரையை அதன் பக்கம் பிடித்தாள்.

"இருக்குடா," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "பாரு. தேதி பாரு. சத்தியம் பண்ணினியே."

திரையின் வெளிச்சத்தில் சில்வோவின் வாய் திறந்தது. பற்கள் இரு பக்கமும் விலகிக்கொடுத்தன. நாக்கு கீழே மடங்கியது. தொண்டையின் ஆழத்திலிருந்து, சளியும் நரைமயிரும் சுற்றிய ஒரு மஞ்சள் அலகு மேலேறி வந்து, உதடுகளுக்கு வெளியே எட்டிப் பார்த்து, மேலலகைக் கீழலகின் மேல் வைத்து, நிதானமாகச் சாணை பிடித்துக்கொண்டிருந்தது.