கையேயாவின் பங்கு

மூன்று வாரமாகத் தீவில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் ஊர்ப் பொது மண்டபமான மனியபாவில் கையேயா உட்காரும் பாய் மட்டும் நனைந்திருந்தது.

ரோதியா குனிந்து தொட்டுப் பார்த்தாள். தாழை ஓலைக் கூரை தலை முட்டும் அளவுக்கு இறங்கியிருந்ததால் அந்த மண்டபத்துக்குள் பட்டப்பகலிலும் பாதி இருட்டு. பழைய ஓலை வாடையும் விருந்துக்கு வந்த சுட்ட மீன் வாடையும் கலந்து மிதக்க, அவற்றுக்கு அடியில் உப்பும் பெட்ரோலுமாக ஒரு நாற்றம் அந்தப் பாயிலிருந்து மெல்ல எழுந்தது. மீன்பிடித்துத் திரும்பும் கையேயாவின் சட்டையில் வரும் நாற்றம். அவன் படகோடு காணாமல் போய் நான்கு மாதம் ஆகிறது.

இறந்தவரின் ஆவியை வழியனுப்ப, தென்னமட்டையால் தரையைத் தட்டிக்கொண்டு தெற்கிலிருந்து வடக்கே மூன்று சாயங்காலம் நடப்பார்கள். ஆண்கள் மட்டையோடு வந்து நின்றபோது புருஷனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ரோதியாதான் வழிமறித்தாள்.

"உடம்பே வரலை. யாரை அனுப்பப் போறீங்க?"

அதோடு விட்டாளா? விருந்து நாளில் ஒவ்வொரு குடும்பத்தின் இடத்துக்கும் தலைக்கணக்கில் பங்கு வைப்பார்கள். அவளும் மகளும் இரண்டே பேர். ஒவ்வொரு விருந்திலும் மூன்று என்று சொல்லி, அவன் பங்கையும் வாங்கி அந்தப் பாயில் வைத்தாள். பாவம் என்று ஊரும் வாயை மூடிக்கொண்டது.

பாய் முதன்முதலில் நனைந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஈரத்தில் கன்னத்தை வைத்து அழுதாள். பிறகுதான் ஆறு வயது தெரெத்தே தலை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். கடலுக்கே போகவில்லையாம்.

"அப்பாகிட்ட உக்காந்திருந்தேம்மா. தனியா இருக்க அவருக்குப் பயமா இருக்காம்."

இன்று இரண்டு என்று சொல்லிவிட வேண்டும். நாளைக்கே மட்டையோடு வரச் சொல்லிவிட வேண்டும். ரோதியா மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

பங்கு வைக்கும் பௌரோ சுட்ட சீமைப்பலாக் கூடையோடு தூண் தூணாக வந்தார். பக்கத்துத் தூணடிக் குடும்பத்துப் பெண்ணிடம் கேட்டார்.

"உங்க இடத்துல எத்தனை?"

"ஒன்பது."

"போன விருந்துல அஞ்சுதானே? நடுவுல நாலு பெத்துட்டியா?"

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ரோதியாவுக்குக் கேட்டது. சொட்டு. பாயில். இன்னொரு சொட்டு. அவள் மேலே பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது.

பௌரோ அவள் முன்னால் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க இடத்துல எத்தனைம்மா?"

"ரெண்டு."

சொன்ன வாயாலேயே அவனைக் கொன்றுவிட்டதுபோல் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுதாள். மன்னிச்சிடு, கையேயா. எனக்குப் புள்ளை வேணும்.

மடி லேசாயிற்று.

கண்ணைத் திறந்தாள். தெரெத்தே அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணும்மா. அப்பா அழறார்."

குழந்தையின் தலைமுடி ஒரு பக்கம் மெல்ல அழுந்தியது. யாரோ உள்ளங்கையால் தடவிக்கொடுப்பது போல. தடவிய வழியே தண்ணீர் வழிந்தது.

ரோதியா பாய்ந்தாள். வாரி எடுத்தாள். எழுந்து நின்று மார்போடு அணைத்தாள். கனம் இருந்தது. மூச்சு இருந்தது. குளிர்ந்திருந்தாள். போதும். வந்துவிட்டாள். என் பிள்ளை என்னிடம் வந்துவிட்டாள்.

பௌரோ ஒரு பங்கைக் கீழே வைத்தார். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா வெறும் மாரைக் கட்டிக்கிட்டு நிக்கறே? இப்பத்தானே மடியில இருந்தா. புள்ளை எங்கே?"

பாயில், பெரிய ஈரத்துக்குப் பக்கத்தில், சின்னதாக இன்னோர் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அவள் தோளில் முகம் புதைத்திருந்த தெரெத்தே, "குளிருதும்மா" என்றாள்.