மோதிரம் கைமாறும் வரை

பெரியகரட்டூர் ஜமீன்தார் பொம்முராஜ் செத்துப் போய்ப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆனாலும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்!

தேக்கு நாற்காலி. பட்டுத் தலைப்பாகை. உடம்பு சாயாமலிருக்க மார்பில் ஒரு துணிக்கட்டு. பாதி திறந்த கண்கள் வாசலையே பார்த்தன. உள்ளே வந்த ஒவ்வொருவரும் அவரைக் கும்பிட்டு, "தொரை, வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

அந்த ஜமீனின் வழக்கம் அது.

பிணத்தின் விரலிலிருந்து முத்திரை மோதிரத்தை வாரிசு கழற்றிப் போட்டுக்கொள்ளும் வரை, ராஜா சாகவில்லை. யாரும் அழக் கூடாது. அவர் படுத்த அறையிலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது. பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. மோதிரம் மாறிய பிறகுதான் சங்கு, ஒப்பாரி எல்லாம். பிறகு கரட்டுக் குன்றின் அடியில் உப்பு நிரப்பிய குழியில், உட்கார்ந்த வாக்கிலேயே அடக்கம்.

2003-ல் இதெல்லாமா என்று கேட்காதீர்கள். ஜமீன் ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. மிச்சமிருந்தது ஒழுகுகிற அரண்மனை, கோயிலில் முதல் பரிவட்டம், அப்புறம் அந்த மோதிரம். அவ்வளவுதான்.

தூணோரம் நின்றிருந்தார் இன்ஸ்பெக்டர் ஷரீப். துக்கத்துக்கு வந்தவர் போல வெள்ளைச் சட்டை.

விடிகாலையில் அவருக்குப் போன் செய்தது அரண்மனை வேலைக்காரர் அம்மாவாசி. நாற்பது வருஷமாக ஜமீன்தாருக்குச் சோறும் பாலும் கொண்டுபோனவர். சாவுச் சடங்கு நடத்துவதும் அவர் குடும்பம்தான். ஷரீப் பின்வாசல் வழியாக வந்தபோது, படுக்கையருகே பாதிப் பாலோடு, யாளிச் சின்னம் பொறித்த ஒரு வெள்ளி டம்ளர் இருந்தது. அதை நக்கிய பூனை, கட்டிலுக்கடியில் விறைத்துக் கிடந்தது.

"நாந்தான்யா கொண்டு போய்க் குடுத்தேன். பாதி குடிச்சாக. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாக" என்றார் அம்மாவாசி. "ஊரு என்னயத்தான்யா சொல்லும்."

"பால் எங்க இருந்துச்சுண்ணே?"

"அடுப்படியில பத்து நிமிசம் ஆறக் கெடந்துச்சு. வீட்டுல இருந்தது மூணே பேரு. அக்கம்மா, சுந்தர்ராஜ் தம்பி, நானு."

அக்கம்மாள், செத்தவரின் தம்பி மனைவி. கணவனைச் சின்ன வயதிலேயே இழந்தவள். சுந்தர்ராஜ் அவளுடைய ஒரே மகன். பிள்ளையில்லாத ஜமீனுக்கும் ஒரே வாரிசு.

போலீஸுக்கு ஜமீன் வழக்கம் ஏது? ஷரீப் டம்ளரை எடுத்துப் போய், தோப்புக்குள் நிறுத்தியிருந்த ஜீப்பில் தன் கையாலேயே பூட்டினார். பிரேதப் பரிசோதனைக்கு வண்டியும் சொல்லிவிட்டார். விஷம் என்பது நிச்சயம் வெளியே வரும். ஆனால் வைத்தது யார்? சாட்சி சொல்ல ஆளில்லை. கையிலிருந்த ஒரே பெயர், பால் கொண்டுபோன அம்மாவாசி. அந்த மனிதரைக் கைது செய்ய ஷரீபுக்கு மனசே வரவில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

மணி பத்து.

சுந்தர்ராஜ் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான். குளிர்ந்துபோன அந்த விரலைத் தொட்டான்.

"பொறுங்க தம்பி" என்றார் அம்மாவாசி. "மிச்சப் பாலக் குடிச்சிட்டுத்தான் மோதிரத்தத் தொடணும்."

மேல்துண்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்தார்.

வெள்ளி டம்ளர்!

பாதிப் பால்!

ஷரீபின் முதுகு சிலிர்த்தது. அதே டம்ளர்... அதே யாளிச் சின்னம்... ஜீப் சாவி இன்னும் அவருடைய பாக்கெட்டில்தான் இருந்தது. பூட்டிய வண்டிக்குள்ளிருந்து இது எப்படி இங்கே வந்தது? தன்னையறியாமல் நாற்காலியைப் பார்த்தார். பாதி திறந்த கண்கள் இப்போது அவரையே பார்ப்பதுபோல் இருந்தன.

ராஜா கடைசியாகக் குடித்த பாலின் மிச்சத்தை வாரிசு குடித்தால்தான் பட்டம் செல்லும் என்று அம்மாவாசி கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்படியா என்று பெரியவர்கள் தலையாட்டினார்கள். முந்தைய ராஜாவின் சாவைப் பார்த்த ஒருவர்கூட அங்கே உயிரோடு இல்லை.

சுந்தர்ராஜ் டம்ளரை வாங்கினான். ஷரீப் அவன் முகத்தையே கவனித்தார். எச்சில் பாலைக் குடிக்கிற கூச்சம் இருந்தது. பயம் துளிகூட இல்லை.

உதட்டருகே கொண்டுபோனான்.

"குடிக்காதடா!"

பெண்கள் பக்கத்துத் திரை கிழிந்தது. அக்கம்மாள் ஓடி வந்த வேகத்தில் டம்ளரைத் தட்டிவிட்டு நாற்காலியில் மோதினாள். பால் பிணத்தின் பாதத்தில் வழிந்தது. கட்டு நழுவ, தலைப்பாகைத் தலை மெல்ல... மெல்லச் சாய்ந்தது.

அவள் பக்கமாக!

அக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உயிரோடிருக்கிற ஒருவரிடம் பேசுவதுபோல் அந்த முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அப்படிப் பாக்காதீக அத்தான். மோதிரத்த மியூசியத்துல குடுத்துட்டு ஜமீன முடிச்சுக்கிறேன்னு சொன்னீகளே... எம் மகன் விரல்ல அதப் பாக்கணும்னு இருபத்தாறு வருசமா இங்கன காத்துக் கெடந்தேன். அதான் பால்ல கலந்தேன்."



"எனக்கு அது வேணும்னு நா என்னைக்காச்சும் கேட்டேனாம்மா?" என்றான் சுந்தர்ராஜ்.

தோப்பில் ஜீப்போடு காத்திருந்த பெண் காவலர்கள் வந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். மகன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமலே நடந்தாள்.

ஷரீப், அம்மாவாசியைத் தனியே இழுத்துப் போனார்.

"எனக்கே கொல நடுங்கிப் போச்சுண்ணே. டம்ளர் எப்படி வந்துச்சு?"

"அது சோடி டம்ளர்யா. இன்னொண்ணு பெட்டியில கெடந்துச்சு. இப்பக் கறந்த பசும்பாலுதான்."

"சரி, இந்த மிச்சப் பால் சடங்கு எந்த ராஜா காலத்துல வந்தது?"

"இந்தத் தொரை காலத்துலதான். காலைல ஒம்பது மணிக்கு."

"அவர்தான் நேத்து ராத்திரியே செத்துட்டாரே!"

அம்மாவாசி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். "மோதிரம் இன்னும் அவக விரல்லதான இருக்கு, ஆட்சி அவகளதுதான்யா. காதுல சொல்லி உத்தரவு கேட்டேன்... வேணாம்னு ஒரு வார்த்த சொல்லலையே!"