வெள்ளிக்கிழமைச் செய்தி

நண்பன் டூகலின் செய்தி இந்த வெள்ளிக்கிழமையும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அதுதான் மெரினுக்குப் பிடிக்கவில்லை. எதற்கும் தாமதமாக வருகிற சோம்பேறி அவன். தன் நாயைத் திட்டி நாலு வார்த்தை சேர்க்காமல் எதையும் அனுப்பமாட்டான். இப்போதோ சில வாரங்களாக, 'எந்த உத்தரவும் வரவில்லை' என்று மொட்டையாக ஒரே வரி.

போலீஸ்காரக் கணவனுக்குத் தெரியாமல் மகள் டில்லியோடு ஆஸ்திரேலியக் கடலோரச் சிற்றூரான செடுனாவுக்கு ஓடிவந்த பிறகு, தங்கையுடன் பேச அவள் நம்பியது டூகல் உருவாக்கிய செயலியை மட்டும்தான். இணையத் திருடர்களைப் பிடிக்க என்று கொண்டுவந்த புதுச் சட்டப்படி, அரசாங்கம் அவனைக் கூப்பிட்டுச் செயலியின் ரகசியப் பூட்டைத் திறந்துவிடச் சொல்லலாம். சொன்னதை அவன் வெளியே சொன்னால் ஜெயில். அதனால் அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உத்தரவு வராதவரை, வரவில்லை என்று வாராவாரம் அறிவிப்பார்கள். வந்துவிட்டால் பேசாமல் இருந்துவிடுவார்கள். புரிந்துகொண்டு தப்பிப்பது நம் பாடு.

மத்தியான வெயிலில், அவர்கள் குடியிருந்த கேரவன் வண்டியின் தகரக் கூரை முறுகி முறுகிச் சத்தம் போட்டது. கடலோரத்துப் பாசியின் அழுகல் நாற்றம் திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து போர்வையிலும் தலையணையிலும் ஒட்டிக்கொள்ள, வெளியே சரளைக்கல் மேல் ஒரு கார் மெதுவாக, மிக மெதுவாக உருண்டுவந்து நின்றது. மெரின் சன்னலோரமாக எட்டிப் பார்த்தாள்.

டூகல்தான். விடியலிலிருந்து அடிலெய்டு சாலையில் ஓட்டிவந்த முகம். கைபேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

"இன்னும் அதுல ஏன் பேசிட்டிருக்கே மெர்? நான் வாயை மூடினதுமே நீ விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"நீ எங்கே மூடினே? இன்னிக்குக் காலையில கூட அனுப்பினியே."

அவள் நீட்டிய திரையை அவன் வெகுநேரம் பார்த்தான்.

"நான் அனுப்பி மூணு வாரமாச்சு," என்றான். "இதுக்கு மேல என்னைக் கேக்காதே."

தங்கைக்கு என்னென்ன எழுதினாள்? கேரவன் எண். டில்லியின் புதுப் பள்ளி. பள்ளி விடும் நேரம்.

ஓடினாள். ஒரு செருப்பு வழியிலேயே கழன்று போயிற்று. மணி அடித்து முடிந்திருந்தது.

வாசலில் ஆசிரியை யாரையோ சிரித்தபடி வழியனுப்பிக்கொண்டிருந்தாள். மெரின் அந்தப் பக்கம் திரும்பினாள்.

நீலப் போலீஸ் சீருடை. திறந்த கார்க் கதவு. பக்கத்தில் டில்லி.

அம்மாவைப் பார்த்ததும் டில்லி உற்சாகமாக ஒரு கையை ஆட்டினாள். இன்னொரு கை அவன் கைக்குள் இருந்தது.