ஆப்பிள் மரத்தடியில் தூங்குகிறாள்

வீடு இருக்கும் ஆர்ஹூஸ் நகரத்திலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி, அறுவடை முடிந்த வயல்கள் மட்டுமே இருபக்கமும் ஓடிக்கொண்டிருந்த சாலையில், மாரெனின் கைப்பைக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் ரேடியோவைக் குறைத்துவிட்டுப் பையைத் திறந்தாள். பேபி மானிட்டர், தண்ணீர் பாட்டிலுக்கும் கையுறைக்கும் நடுவே ஒற்றைப் பச்சை விளக்கோடு கிடந்தது. அது இரண்டு பெட்டியாக வரும். ஒன்றைக் குழந்தை வண்டியில் மாட்ட வேண்டும், மற்றதைக் கையில் வைத்துக் கேட்க வேண்டும். கேட்கிற பெட்டியை ஏழு மாதமாக இடுப்பிலும் பையிலுமாகச் சுமந்து பழகியவள், காலையில் கிளம்பும்போது அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

“எஸ்பென், இது வேலை செய்யுது.”

“முந்நூறு மீட்டருக்கு மேல எட்டாது அது.” காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் எஸ்பென் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பக்கத்துல ஏதாவது பண்ணை வீடு இருக்கும். அவங்ககிட்டயும் இதே மானிட்டர். இந்த நாட்டுல எந்தக் குழந்தை வீட்டுக்குள்ள தூங்குது, சொல்லு.”

அது உண்மைதான். அவர்கள் தெருவிலேயே மத்தியானம் ஆனால் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு வண்டி நிற்கும், குளிரிலும் தூறலிலும் போர்வைக்குள் ஒரு குழந்தை தூங்கும். அவர்கள் மகள் ஆஸ்தாவும் இந்நேரம் வீட்டுப் பின்பக்கத்து ஆப்பிள் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருப்பாள். எஸ்பெனின் தங்கை டில்டே பார்த்துக்கொள்கிறாள்.

பேருந்து ஓட்டுகிற எஸ்பெனுக்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற மாரெனுக்கும் ஒரே சனிக்கிழமை விடுமுறை கிடைத்தது, குழந்தை பிறந்த பிறகு இதுதான் முதல் முறை. ஒரு மாதமாகப் பேசி வைத்த நாள். அதைக் கெடுத்துவிடக் கூடாதென்று மாரென் காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தாள்.

“ஒரு போன் பண்ணிக்கட்டுமா?”

“இதோட நாலாவது. வண்டிக்குள்ள உங்கம்மாவோட கத்தரிக்கோல் இருக்கு, வெளிய என் தங்கச்சி இருக்கா. ராஜா வீட்டுப் பேத்திக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது.”

மாரென் சிரித்தாள். அவள் நடுக்கடலில் இருக்கும் பரோயே தீவுகளில் பிறந்தவள். குழந்தை பிறந்த வாரமே அம்மா அங்கிருந்து ஒரு பழைய எஃகுக் கத்தரிக்கோலைத் தபாலில் அனுப்பியிருந்தாள், இரண்டு வரிக் கடிதத்தோடு. ‘மெத்தைக்கு அடியில் வை. எஃகு இல்லாமல் பிள்ளையை வெளியில் படுக்க வைக்காதே, பிள்ளையை மாற்றி வைத்துவிடும்.’ எது மாற்றும் என்று எழுதவில்லை. எஸ்பென் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாரெனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது மெத்தைக்கு அடியில் வைத்தாள்.

பச்சை விளக்கு இரண்டானது. சத்தம் கூடக் கூட விளக்கும் கூடும்.

பார்க்க வந்த புதர்வெளியின் ஓரத்தில் காரை நிறுத்தினார்கள். வேறு கார் இல்லை. முழங்கால் உயரத்துக்குப் பழுப்பேறிக் காய்ந்த புதர்கள் கண்ணுக்கெட்டிய வரை படுத்துக் கிடந்தன. ஈர மண்ணும் பழைய புகையும் கலந்த வாடை ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. தூரத்தில் ஆதிகாலத்து மனிதர்களைப் புதைத்த வட்டமான மண்மேடு ஒன்று, கவிழ்த்து வைத்த கிண்ணம் போல, வெளிறிய வானத்தின் கீழ் தனியாக உட்கார்ந்திருந்தது. பண்ணை வீடு எதுவும் இல்லை. மாரென் நான்கு திசையும் திரும்பிப் பார்த்தாள். ஒரு கூரைகூட இல்லை.

பெட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதோடு ஒரு சத்தம். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். மூன்று தடவை, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தடவை. ஆஸ்தா விழிக்கப்போகும்போது அப்படித்தான் செய்வாள்.

மாரென் போனை எடுத்தாள்.

“அண்ணி, நாலாவது போன்,” என்றாள் டில்டே. “தூங்குறா. சமையலறை ஜன்னல்ல நின்னு அவளைத்தான் பார்த்துட்டு இருக்கேன்.”

“கிட்டப் போய்ப் பாரு.”

“எழுந்துட்டா நீங்களா வந்து தாலாட்டுப் பாடப்போறீங்க?”

“போய்ப் பாரு டில்டே. தயவுசெஞ்சு.”

கதவு திறக்கிற சத்தம். சருகில் கால் வைக்கிற சத்தம். பிறகு டில்டேயின் குரல், கிசுகிசுப்பாக. “நல்லாத் தூங்குறா. இல்ல, கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்துட்டு மூடிக்கிட்டா, கள்ளி. தொப்பியை எங்கயோ கழட்டித் தள்ளியிருக்கா. ஆமா, மானிட்டர் பெட்டி ரெண்டையுமே எடுத்துட்டுப் போயிட்டீங்களா? வண்டியில ஒண்ணையும் காணோமே.”

“ஒண்ணைத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“அப்போ உங்க பையில நல்லாத் தேடுங்க அண்ணி. குழந்தை இல்லாத ஒரு நாளை அனுபவிங்க.”

அவள் தேடினாள். ஒன்றுதான் இருந்தது. எஸ்பென் போர்வையை விரித்துக் கூடையைத் திறந்தான். ரை மாவு ரொட்டி, ஈரல் விழுது, பிளாஸ்க்கில் காபி. பிறகு அவன் கை நின்றது.

“இது எதுக்கு இங்க வந்துச்சு?”

ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து அவன் எடுத்தது அம்மாவின் கத்தரிக்கோல்.

மாரெனுக்கு ஞாபகம் வந்தது. காலையில், அவசரத்தில், பொட்டலத்தின் நூலை வெட்ட ஒன்றும் கிடைக்காமல் மெத்தைக்கு அடியில் கைவிட்டு இதை எடுத்தது. ஆஸ்தா அவளையே பார்த்தபடி படுத்திருந்தது. இதோ வைத்துவிடலாம் என்று நினைத்தது. வைக்காதது.

“வீட்டுக்குப் போகலாம்.”

“மாரென், அது வெறும் இரும்பு. இப்போதானே டில்டே...”

பெட்டி அழுதது.

அவன் திரும்பிப் பார்த்தான். ஏனென்றால் அந்த அழுகை பெட்டியிலிருந்து மட்டும் வரவில்லை. காற்றிலும் வந்தது. மேட்டுப் பக்கமிருந்து, மெலிதாக.

மாரென் ஓடினாள். புதர்கள் காலைப் பிடித்து இழுத்தன. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் கத்தரிக்கோல். எஸ்பெனிடமிருந்து அதை எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. மூன்று பச்சை. நான்கு. மஞ்சள். மேட்டைச் சுற்றினாள். சிவப்பு. வெயிலே படாத வடக்குப் பக்கம். பாசி வாடை. மண்ணில் ஒரு பள்ளம், பன்றி முட்டித் தோண்டியது போல.

பள்ளத்துக்குள் வாத்துப் படம் போட்ட போர்வை.

போர்வையில் மாட்டியிருந்தது மானிட்டரின் மறுபாதி.

போர்வைக்குள் ஆஸ்தா.

மாரென் அவளைத் தூக்கினாள். அந்தக் கனம். அந்த வாசனை. இடது காதுக்குப் பின்னால் மச்சம். மூன்றாவது வரிசையில் கண்ணி தப்பிப்போன, அவளே பின்னிய தொப்பி. குழந்தையின் கன்னம் சில்லிட்டிருந்தது. அவள் தன் மேல்கோட்டைத் திறந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை விக்கலானது.

எஸ்பென் பின்னால் வந்து நின்றான். பெட்டியை வாங்கி நிறுத்தினான்.

“இவ நம்ம...” என்றான். “டில்டே பார்த்துட்டு இருக்கா. இப்போதானே பார்த்தா.”

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. எஸ்பென் எடுத்து இருவருக்கும் நடுவில் பிடித்தான்.

சமையலறை. போனை ஏதோ ஜாடியில் சாய்த்து வைத்திருந்தாள் டில்டே. அவள் மடியில் ஆஸ்தா. காதுக்குப் பின்னால் மச்சம். கையில் ரொட்டித் துண்டு, வாயெல்லாம் துணுக்கு.

“இப்போ நம்புறீங்களா அண்ணி? எழுந்ததும் அழவேயில்ல. இது மூணாவது துண்டு. பல்லு முளைச்சிருக்குன்னு சொல்லவேயில்லையே நீங்க.”

ஆஸ்தாவுக்குப் பல் முளைக்கவில்லை.

திரையில் ஒரு குழந்தை. கையில் ஒரு குழந்தை. இரண்டும் அவளுடையது. இரண்டில் எது. மாரென் கீழே குனிந்து, நெஞ்சிலிருந்த குழந்தையின் முகத்தருகே கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள், பிடியை முன்னால் வைத்து, மிக மெதுவாக. எஸ்பென் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அதற்குள் குழந்தை கையை நீட்டியது. வளையத்தைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துச் சப்பியது. விக்கல் நின்றது. பல்லில்லாத ஈறு எஃகில் வழுக்கியது.

“உங்க கையில யாரு அண்ணி?” என்றாள் டில்டே.

திரையில் இருந்தது மெல்லுவதை நிறுத்தியது. திரும்பிப் பார்த்தது. கத்தரிக்கோலைத்தான் பார்த்தது. பிறகு முகத்தைச் சுருக்கிக்கொண்டு டில்டேயின் தோளில் புதைத்துக்கொண்டது.

“ஐயோ, பயந்துட்டா. அந்தக் குழந்தை யாரோடது? எஸ்பென்?”

“டில்டே,” என்றாள் மாரென். தன் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “அதைக் கீழ விடு. மெதுவா. தரையில விட்டுட்டு வெளிய வா.”

“எதை?”

“டில்டே, சொல்றதைக் கேளு,” என்றான் எஸ்பென். “கீழ விடு.”

டில்டே சிரித்தாள். குழந்தையின் இடுப்பைப் பிடித்துத் தன்னிடமிருந்து விலக்கப் பார்த்தாள். விலகவில்லை. மறுபடி முயன்றாள். சிரிப்பு குறைந்தது.

“என்ன இப்படி ஒட்டிக்கிறா. வலிக்குதுடி. அண்ணி, இவளுக்கு எங்கேருந்து இவ்வளவு...”

மாரென் தன் குழந்தையின் கண்களைக் கையால் மூடினாள். தன் கண்களை மூட முடியவில்லை.

எண்பது கிலோமீட்டர்.

திரையில் இரண்டு சின்னக் கைகள் டில்டேயின் கழுத்தின் இருபக்கமும் சுற்றிப் போயின. பின்கழுத்தில் ஒன்றையொன்று தொட்டன. விரலோடு விரல் கோத்துக்கொண்டன. பிறகு, இன்னும் நீண்டு, இன்னொரு சுற்று வந்தன.