வாளி நிரம்ப நாற்பது நொடி

துருதுருவின் அம்மாதான் அணைக் காவலாளி. தினமும் காலையில் வாளியோடு அணையின் அடிவாரத்துக்குப் போவாள்.

மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசியும் நீர் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, சின்னக் குழாய் வழியாக விழும். அதில் வாளி நிரம்ப நாற்பது நொடி ஆனால் கவலையில்லை. சீக்கிரம் நிரம்பினால் ஆபத்து. அணைக்குள் எங்கோ ஓட்டை விழுந்திருக்கலாம்!

அன்று பள்ளி விடுமுறை. நொடி எண்ண ஐந்தாம் வகுப்புத் துருதுருவும் போனாள்.

"பத்து... பதினொண்ணு... அம்மா, நிரம்பிடுச்சு!"

"விளையாடாம ஒழுங்கா எண்ணுடி!"

மறுபடியும் பதினொன்றுதான். அம்மா உடனே பொறியாளருக்குப் போன் செய்தாள்.

"இதோ வரேன். மதகைத் திறந்து அணையைக் காலி பண்ணிட வேண்டியதுதான்," என்றார் அவர்.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "கோடை முழுக்க ஊரு எதைக் குடிக்கும்?"

துருதுரு வாளிக்குள் கையை விட்டாள்.

"அம்மா, கசிவுத் தண்ணி ஜில்லுனுதானே இருக்கும்? இது வெதுவெதுன்னு இருக்கே! சோப்பு வாசனை வேற வருது!"

இருவரும் வாய்க்காலோரமாக மேலே ஓடினார்கள். புதருக்குப் பின்னால், இரண்டு நாள் விருந்தாளியாக வந்திருந்த மாமா நின்றார். இடுப்பில் துண்டு. தலையில் நுரை. கையில், அணையை ஒட்டிய வீட்டின் வெயிலில் சூடேறிய தொட்டியிலிருந்து இழுத்து வந்த ரப்பர் குழாய். வாயில் பாட்டு.

"அடப்பாவி! இங்க என்னடா பண்றே?"

"வீட்டுக்குள்ள பாடினா சோறு கிடையாதுன்னு நீதானேக்கா சொன்னே!"

குழாயை மூடினார்கள். அரை மணி நேரம் பொறுத்து அளந்தார்கள். துருதுரு மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். சரியாக நாற்பது!

அம்மா பதிவேட்டைத் திறந்தாள். மாமா பதறினார். "அக்கா, என் பேரை எழுதிடாதே. மானம் போயிடும்!"

"அணைப் பதிவேட்டுல பொய் எழுத மாட்டேன்."

பாவமாக இருந்தது துருதுருவுக்கு. "நடந்ததை எழுதும்மா. பேரு எதுக்கு?"

'மேலே ஒருவர் குளித்த நீர் கலந்தது' என்று எழுதினாள் அம்மா.

பொறியாளர் வந்து, தானே இரண்டு முறை அளந்து பார்த்தார். "உடனே போன் பண்ணீங்க பாருங்க, அதுதான் சரி," என்றார் அம்மாவிடம். துருதுருவுக்குக் கை கொடுத்தார். பதிவேட்டைப் படித்துவிட்டு, சலவைச் சட்டையில் ஒன்றும் தெரியாதவர்போல் நின்ற மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், காதுல நுரை இருக்கு. துடைச்சுக்குங்க."