ஸ்டெப்னியின் சாட்சி

கூடத்தில் நான்கு பேர். ஜன்னலோர நாற்காலியில் வீட்டம்மா; அவர் கணவர் கால் முறிந்து மருத்துவமனையில் கிடக்கிறார். மேசைக்குப் பின்னால் மாப்பிள்ளை. ஓட்டுநர்மீது அவர் எழுதிய போலீஸ் புகார் மாமியாரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. வாசலோரம் முக்காலியில் ஓட்டுநர், நெற்றியில் கட்டோடு. சோபா நுனியில் காப்பீட்டு நிறுவனத்து ஆய்வாளர் அம்மாள். நொறுங்கிய காரைப் பார்த்துவிட்டு வந்த கையில் கரி இன்னும் போகவில்லை.

நேற்று மாலை, நெடுஞ்சாலையில் முன்சக்கரம் வெடித்து, வீட்டுக்காரரும் ஓட்டுநரும் போன கார் மரத்தில் மோதியது. காற்றுக் குறைந்து, சூடேறி வெடித்த டயர். அதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் ஓட்டுநர்மேல்தான்.

“காத்து பார்த்தீங்களா?” என்று ஓட்டுநரிடம் கேட்டார் ஆய்வாளர்.

“நேத்து விடியக்காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி. ஸ்டெப்னியோட சேர்த்து அஞ்சுக்கும் முப்பத்திரண்டு வெச்சேன்மா.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான், அத்தை,” என்றார் மாப்பிள்ளை.

ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பினார். “பகல்ல வண்டி உங்ககிட்டதானே?”

“ஆமா. மத்தியானம் வந்து நிறுத்தின கையோட, புதுசா வாங்கின கேஜை வெச்சு காத்தை அளந்தேன். நாலும் முப்பத்திரண்டு. கார் கதவுல கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கிற அதே அளவு. இவன் கைக்குப் போனப்புறம்தான் வினை.”

வீட்டம்மா பேனாவை எடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றார் ஆய்வாளர். “ வெடிச்சது போக மூணு சக்கரத்துலயும் இப்ப, ஆறின டயர்ல, இருபத்தாறு. ஆணி குத்தினா ஒண்ணுதான் இறங்கும். மூணும் ஒரே அளவுன்னா, யாரோ அளந்து இறக்கியிருக்காங்க. டிக்கியில கிடக்கிற ஸ்டெப்னி மட்டும் முப்பத்திரண்டு. ஓட்டுநர் சொன்னது நிஜம்.”

“அப்ப இறக்கினது யாருங்க?” என்றார் வீட்டம்மா.

“ஓடி வந்த டயர் சூட்டுல அதிகமாத்தான் காட்டும், ஆறினா இறங்கிடும். காலைல முப்பத்திரண்டு வெச்சது மத்தியானமும் முப்பத்திரண்டேன்னா கணக்கு உதைக்குது. கேஜ் முதல்ல என்ன காட்டிச்சு, சார்?”

மாப்பிள்ளை மேசை விளிம்பைத் தடவினார். “முப்பத்தெட்டு. அதிகமா இருக்கேன்னு நாலுலயும் கொஞ்சம் காத்தைப் பிடுங்கி விட்டேன். தெரியாமதான்.”

“இறக்கினது தெரியாம. மறைச்சது?”



“புது கேஜ் இல்லையா, அதான்,” என்றார் ஓட்டுநர், யாரையும் பார்க்காமல்.

வீட்டம்மா புகாரை நான்காகக் கிழித்தார். “வேற தாள் எடுங்க, மாப்பிள்ளை. நடந்ததை உங்க கையாலயே எழுதுங்க.”

எழுதினார். உறைக்குள் மடித்துப் போட்டுப் பசை தடவி ஒட்டினார்.

“ஸ்டேஷனுக்கு யார் கொண்டு போறது, அத்தை?”

“நீங்கதான். வண்டிதான் இல்லையே, நடந்தே போங்க.”

அவர் கடிதத்தோடு எழுந்தார். ஓட்டுநர் முக்காலியை நகர்த்தி வழிவிட்டார்.